பேசி முடிச்சிருங்க

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ-5 வீதியில், ஒரு பக்கம் மலையும் மறு பக்கம் பள்ளமுமாக இருக்கிறது புசல்லாவை. இங்கே சைக்கிள் வைத்திருப்பவர் ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு நடப்பார். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தபடி முருகனைக் கூப்பிடுவார். ஏப்ரல் வந்துவிட்டால் நுவரெலியா வசந்த காலத்துக்குக் கொழும்பே இந்த வழியால் ஏறும். கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு, தேயிலைக் கொழுந்தைப் பார்த்து "வாவ்" சொல்லிக்கொண்டு ஏறும். கொழுந்து பறிக்கிறவர்கள் வீதியோரம் நடந்தால் படம் எடுப்பார்கள். சைக்கிளில் வந்தால் ஹோர்ன் அடிப்பார்கள்.

அப்படி ஏறும் பிராடோ ஒன்று வளைவில் நம் ஆள் ஒருவரைத் தட்டிவிட்டது என்று வையுங்கள். பெயர் வேண்டாம். அவருக்கு எந்தத் தோட்டத்தின் பெயரும் பொருந்தும். தொடை எலும்பு போய்விட்டது. சைக்கிளின் முன்சக்கரம் எட்டுப் போட்டுக் கிடக்கிறது. யாரோ ஒரு கடைக்காரர் 1990க்கு அடித்து அம்புலன்ஸைக் கூப்பிடுகிறார்.

அம்புலன்ஸோடு போட்டி போட்டுக்கொண்டு இன்னொருவரும் வருவார். காரின் காப்புறுதி நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளர். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே படம் எடுக்கத் தொடங்குவார். பம்பர் நான்கு கோணத்தில், முன்விளக்கு இரண்டு கோணத்தில், கதவில் விழுந்த கீறல் நெருக்கமாக. தொடை எலும்பு எந்தப் படத்திலும் விழாது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது அந்தத் தொடைக்காகத்தான். பம்பருக்குக் காப்புறுதி எடுப்பதும் விடுவதும் சொந்தக்காரரின் விருப்பம். சட்டம் கட்டாயம் என்று சொன்னதைப் பார்க்க ஆளில்லை, விருப்பம் என்று விட்டதைப் பார்க்க ஆள் பறந்து வருகிறது.

அடுத்து, காரிலிருந்து முதல் குரல் இறங்கும். "பொலிஸ், கோர்ட்டுன்னு போனா ரெண்டு பேருக்கும்தான் கஷ்டம். பேசி முடிச்சிருவோம் தம்பி." ரெண்டு பேருக்கும்! ஒருவர் இரண்டு காலில் நின்று சொல்கிறார், மற்றவர் தாரில் கிடந்து கேட்கிறார். கஷ்டத்தில் மட்டும் சரிபாதி. சில கனவான்கள் இன்னும் ஒரு படி மேலே போய், கீறுப்பட்ட பெயின்ட்டுக்கு யார் பொறுப்பு என்று கேட்பார்கள்.

இந்த நாட்டில் பாராளுமன்றம் எத்தனையோ சட்டம் போட்டிருக்கிறது. வர்த்தமானியில் வராத ஒரு சட்டம்தான் எல்லாவற்றுக்கும் மேலே நிற்கிறது: பேசி முடிச்சிருங்க.

பொலிஸ் நிலையத்துக்குப் போவோம். எந்த நிலையம் என்று கேட்காதீர்கள், எல்லாவற்றிலும் மேசை ஒன்றுதான். அங்கே நடக்கும் முதல் அற்புதம், ஓட்டியவர் மாறுவது. வீதியில் இறங்கிச் சத்தம் போட்டவர் முதலாளியின் மகன். நிலையத்தின் படியேறுகிறவர் சம்பளத்துக்கு இருக்கும் டிரைவர். திருமூலர் கூடு விட்டுக் கூடு பாய்ந்தது ஒரே ஒரு முறைதான், அதுவும் மேய்ப்பன் இல்லாமல் கதறிய பசுக்களைப் பார்த்து மனம் பொறுக்காமல். இவர்கள் வாரம் ஒரு முறை பாய்கிறார்கள்.

இரண்டாவது அற்புதம் வாக்குமூலம். நம் ஆளின் மனைவியோ அண்ணனோ தமிழில் சொல்ல, எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுவார். அடியில் ஒரு வழக்கமான வரி வரும்: வாசித்துக் காட்டப்பட்டது, விளங்கிக்கொண்டேன், சரியென ஏற்றுக் கையொப்பமிடுகிறேன். வாசிக்கத் தெரியாத மொழியில், வாசித்துக் காட்டியதாக எழுதியதை, வாசித்துப் பார்க்காமல் ஒப்பமிட வேண்டும். 13 ஆவது திருத்தம் 1987 இல் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. அரசியலமைப்பின் நான்காவது அத்தியாயம், சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழர் தமிழில் அலுவல் பார்க்கலாம் என்கிறது. அந்த அத்தியாயத்தை அச்சடித்த காகிதத்தின் விலைக்கு ஒரு தமிழ் தெரிந்த கான்ஸ்டபிளை இரவுக் கடமைக்குப் போட்டிருக்கலாம். "இன்னைக்குத் தமிழ் தெரிஞ்சவர் லீவு" என்பார்கள். அவர் என்றைக்குத்தான் வேலைக்கு வருகிறார் என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பிறகு கேள்வி வரும். "சைக்கிளில் லைட் இருந்ததா? மணி இருந்ததா?" பகல் பதினொரு மணிக்கு நடந்த விபத்தில் லைட் எதற்கு என்று கேட்க வாய் வராது. "லைட் இல்லைன்னா உங்க மேலயும் பிழை. கேஸ் நிக்காது. பேசி முடிச்சிருங்க." இது பச்சைப் பொய். 1968 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், பாதிக்கப்பட்டவர் பக்கம் கொஞ்சம் பிழை இருந்தாலும் நட்டஈடு அந்த அளவுக்குக் குறையுமே தவிர முழுவதும் போய்விடாது என்று தெளிவாகச் சொல்கிறது. சட்டம் வந்து அரை நூற்றாண்டு தாண்டிவிட்டது. அந்த மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

காரும் சைக்கிளும் மோதிய ஒரு பழைய கதை உண்டு. 1896 மே 30 அன்று நியூயோர்க்கில் ஒரு டியூரியா மோட்டார் வண்டி, சைக்கிளில் வந்த ஒரு பெண்ணை மோதியது. அமெரிக்காவில் பதிவான முதல் கார் விபத்து என்று பலரும் எழுதுவது இதைத்தான். அவருக்குக் கால் முறிந்தது. ஓட்டியவரை அன்றிரவு சிறையில் வைத்தார்கள். அதன் பிறகு உலகம் எவ்வளவோ நாகரிகம் அடைந்துவிட்டது. இப்போது கால் முறிந்தவர் வாட்டில் கிடக்கிறார், ஓட்டியவர் நிலையத்தில் தேநீர் குடிக்கிறார்.

வாட்டுக்கும் அந்தக் குரல் வரும். பழக்கூடையோடு வரும். "ஆஸ்பத்திரி ஃப்ரீதானே, உங்களுக்கு என்ன நட்டம்?" இலவச வைத்தியம் இந்த நாடு தன் மக்களுக்குச் செய்த பெரிய காரியம். அது கார்க்காரருக்குக் கொடுத்த மானியம் என்பது பழக்கூடை வந்த பிறகுதான் விளங்குகிறது. எலும்புக்குள் வைக்கும் கம்பியை வெளியில் வாங்கி வரச் சொல்லித் துண்டு கொடுக்கும்போது மட்டும் பழக்கூடை ஊரில் இருக்காது.

தலைவர் பேச்சுக்கு வரவே மாட்டேன் என்று இருந்தேன், முடியவில்லை. தோட்டத்தில் துரை ஒரு சொல் தடிப்பாகப் பேசினால் மலையையே நிறுத்திவிடுகிற தொழிற்சங்கத் தலைவர், பிராடோ என்றதும் பஞ்சாயத்து நாட்டாமையாக மாறிவிடுவார். பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்கு வரும்போது அவர் இறங்குவது அதே பிராடோவின் முன்சீற்றிலிருந்து. "நல்ல மனுஷன்யா. பதினஞ்சு தாறேங்கிறார். கேஸுக்குப் போனா அதுவும் இல்ல." பதினைந்து என்றால் பதினைந்தாயிரம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024 இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. மாதம் 25 நாள் பேர் (ஒரு நாள் வேலைப் பதிவு) விழும் ஒருவர் மூன்று மாதம் படுத்தால் ஒரு இலட்சத்துக்கு மேல் போகிறது. தொடை எலும்பு மூன்று மாதத்தில் மலையேறும் காலாக மாறாது. இனி அவருக்கு அரைப் பேர்தான் என்று கங்காணி முடிவு செய்தால் மீதி ஆயுளும் பாதி. எல்லாவற்றுக்கும் விலை பதினைந்தாயிரம். பிராடோவின் ஒரு முன்விளக்கைக் கேட்டுப் பாருங்கள், இந்தத் தொகையைச் சொன்னால் கடைக்காரர் சிரிப்பார்.

அதே 2024 இல் அதற்கு முன், 1,000 ரூபாயாக இருந்த நாட்சம்பளத்தை 1,700 ஆக்கி வர்த்தமானி வந்தது நினைவிருக்கும். தோட்டக் கம்பனிகள் அதை எதிர்த்து நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் வர்த்தமானிக்கு இடைக்காலத் தடை விதித்தது. போனது அவர்களின் உரிமை, மறுக்கவில்லை. ஆனால் அவர்களிடம் போய் "கோர்ட்டு கேஸுன்னு ஏன் அலையிறீங்க, பேசி முடிச்சிருங்க" என்று யாராவது சொன்னார்களா? நாளைக்கு 700 ரூபாய் கூடுவதைத் தடுக்க உச்சியிலிருக்கும் நீதிமன்றம் வரைக்கும் பாதை திறந்திருக்கிறது. ஒரு தொடைக்குக் கம்பளை வரைக்கும் பாதை அடைபட்டிருக்கிறது.

அடைத்தது யார்? சட்டமா? சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, அதன் வம்சாவளி அவ்வளவு பெரியது. வீதி விபத்தில் நட்டஈடு கேட்கும் நமது வழக்கு ரோம-டச்சுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதன் வேர் கி.மு. மூன்றாம் நூற்றாண்டு ரோமாபுரியின் அக்கிலியச் சட்டம். அடுத்தவனுடைய அடிமையையோ மந்தை விலங்கையோ அநியாயமாகக் கொன்றால், கடந்த ஓராண்டில் அதற்கிருந்த உச்ச விலையை உடைமைக்காரனுக்குக் கொடு என்பது அதன் முதல் பிரிவு. அடிமையும் மாடும் ஒரே வரியில். நட்டஈடு எசமானுக்கு. சுதந்திர மனிதனின் உடலுக்கு விலை மதிக்க முடியாது என்று ரோமர்கள் உயர்வாக நினைத்ததால், அவன் கால் உடைந்தால் இந்தச் சட்டத்தில் முதலில் காசு இல்லை. சுதந்திர மனிதனும் தன் காலுக்காக வழக்காடலாம் என்று இதை விரித்தவர்கள் பின்னால் வந்த சட்ட அறிஞர்கள். நம் பிராடோக்காரர் அவ்வளவு தூரம் படிக்கவில்லை. அவர் இன்னும் முதல் பிரிவில்தான் நிற்கிறார்: மாட்டை அடித்தால் மாட்டுக்காரனோடு பேசு, மனிதனை அடித்தால் தலைவரோடு பேசு.

இந்தச் சட்டம் புசல்லாவைக்கு வந்த கதை இன்னும் ரசம். ஒல்லாந்தர் கரையோரத்தைப் பிடித்தார்கள். கண்டி இராச்சியத்தைத் தம் கையில் வைத்திருக்க அவர்களால் முடியவே இல்லை. 1796 இல் மூட்டையைக் கட்டிக்கொண்டு போனார்கள். 1815 இல் கண்டியை ஆங்கிலேயர் எடுத்தார்கள். பிறகு 1852 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டியச் சட்டம் பேசாத இடங்களில் கரையோரச் சட்டமே செல்லும் என்றது. துப்பாக்கியால் பிடித்து வைத்திருக்க முடியாத மலையில் ஒல்லாந்தரின் சட்டம் அவர்கள் போய் 56 வருடத்துக்குப் பிறகு, வெள்ளைக்காரத் துரைமாரின் முதுகில் ஏறி வந்து சேர்ந்தது. அந்த நேரம் புசல்லாவையில் ரொத்சைல்ட் வங்கிக் குடும்பத்தின் மகள்வழிப் பேரன்மாரான வோர்ம்ஸ் சகோதரர்கள் கோப்பி வளர்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்துக்கு ரொத்சைல்ட் என்று பெயர் வைத்தார்கள், இன்றும் அதே பெயர். உலகின் பெரும் பணக்காரக் குடும்பத்தின் பெயர் பலகையில் இருக்கிறது. அந்தப் பலகையைத் தாண்டி லயத்துக்குப் போகிறவரிடம் சட்டத்தரணிக்குக் கொடுக்க இல்லை.

சட்டத்தை நம் தலையில் கட்டிய ஒல்லாந்தர் இப்போது என்ன செய்கிறார்கள்? அவர்கள் அதை எப்போதோ கைவிட்டு வேறு சட்டக்கோவைக்கு மாறிவிட்டார்கள். 1994 ஆம் ஆண்டின் அவர்களது வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 185 ஆவது பிரிவின்படி, மோட்டார் வாகனம் சைக்கிள்காரரை மோதினால் பொறுப்பு மோட்டார் வாகனத்துக்கு. தன்னால் தவிர்க்கவே முடியாத ஒன்று நடந்தது என்று கார்க்காரர்தான் நிரூபிக்க வேண்டும். சைக்கிள்காரரின் பக்கம் பிழை இருந்தாலும் நட்டத்தில் பாதியாவது பொதுவாகக் கிடைத்துவிடும். பதினாலு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் அநேகமாக முழுவதும். 1970களில் பிள்ளைகள் வீதியில் சாவதைப் பொறுக்காமல் பெற்றோர்கள் தெருவுக்கு இறங்கிக் கத்தியதன் பிறகு மாறிய நாடு அது. பழையதை நமக்கு விட்டுவிட்டு, புதியதைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். பழைய துணி கொடுப்பதில் எல்லாத் துரைமாரும் ஒரு மாதிரித்தான்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டைப் பாருங்கள். அங்கே விபத்துக்கென்றே தீர்ப்பாயம் இருக்கிறது. அதிலும் இழுபறி உண்டு, தரகர் உண்டு. ஆனாலும் கதவு என்று ஒன்று இருக்கிறது. இங்கே நம் ஆள், காணித் தகராறுக்காரர்களோடும் கடன்காரர்களோடும் சேர்ந்து மாவட்ட நீதிமன்றத்தில் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொரு திகதிக்கும் ஒரு நாள் பேர் போகும். போனால் இன்னொரு திகதி போடுவார்கள். அறிவித்தல் வந்தால் அது தோட்ட அலுவலகத்துக்கு வரும், ஏனென்றால் இருநூறு வருடமாகக் குடியிருக்கும் லயத்து அறைக்கு இன்னும் ஒழுங்கான விலாசம் இல்லை. அலுவலகத்தில் கிடந்த கடிதம் கைக்கு வரும்போது திகதி முடிந்திருக்கும். "வாதி சமுகமளிக்கவில்லை" என்று பதிவாகும். விலாசம் சமுகமளிக்கவில்லை என்று பதிய நீதிமன்றப் புத்தகத்தில் இடமில்லை.

நீதி மெதுவாகத்தான் நகரும் என்பவர்களுக்கு ஒரு விஷயம். 2020 ஜூலை 5 அதிகாலை பாணந்துறை ஹொரேதுடுவையில், தேசிய கிரிக்கெட் அணி வீரர் குசல் மெண்டிஸ் ஓட்டிய கார் மோதி, சைக்கிளில் போன 64 வயது முதியவர் ஒருவர் இறந்தார். வீரரைக் கைது செய்தார்கள், மறுநாள் பிணை. அவர் மேல் பிழையா இல்லையா என்று சொல்ல நான் நீதவான் இல்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் லங்கா பிரிமியர் லீக்கில் ஆடினார். எந்த அணிக்கு? நம் கண்டி டஸ்கர்ஸுக்கு. நாமும் கைதட்டினோம். அடுத்த வருடம் ஜூனில் இங்கிலாந்தின் டர்ஹமில், கொரோனாக் குமிழியை உடைத்து இரவில் வெளியே போனார் என்று அவரையும் இன்னும் இருவரையும் உடனே வீட்டுக்கு அனுப்பினார்கள். ஜூலை முடிவதற்குள் விசாரணை முடிந்து தீர்ப்பும் வந்தது: ஒரு வருட சர்வதேசத் தடை, ஒரு கோடி ரூபாய் அபராதம். தடையை அடுத்த ஜனவரியில் தூக்கியும் விட்டார்கள். விபத்து ஸ்ரீ லங்கா கிரிக்கெட்டின் அதிகாரத்துக்குள் வராது என்பது எனக்கும் தெரியும். நான் பார்ப்பது வேகத்தை. இந்த நாட்டில் ஒரு விசாரணையை ஒரு மாதத்தில் முடிக்கத் தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைக் கிரிக்கெட்டுக்குள் பூட்டி வைத்திருக்கிறோம்.

வீதியில் செத்தாலும் தனியாகச் சாகக் கூடாது. 2025 மே 11 அன்று இதே ஏ-5 வீதியில், புசல்லாவைக்கு மேலே கொத்மலை கரண்டி எல்ல என்ற இடத்தில் பஸ் கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தபோது அமைச்சர்கள் வந்தார்கள், கமெராக்கள் வந்தன, வீதிப் பாதுகாப்பு பற்றி நாடு ஒரு வாரம் பேசியது. அந்தக் குடும்பங்களின் துயரம் பெரிது, அவர்களுக்குக் கிடைத்தது எதுவும் அதிகமில்லை. ஆனால் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் இந்த நாட்டின் வீதிகளில் சாகிறார்கள், பெரும்பாலும் ஒவ்வொருவராக. ஒவ்வொருவராகச் சாகிறவர்களுக்கு வருகிற ஒரே அதிகாரி அந்த ஹெல்மெட் கழற்றாத மதிப்பீட்டாளர்.

இதெல்லாம் சரி, இப்போது என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்காகக் கொஞ்சம் கோபத்தை ஒத்தி வைக்கிறேன். விழுந்தவர் எழ முடியாது, பக்கத்தில் நிற்கிறவர் செய்யட்டும். மதிப்பீட்டாளர் பம்பரை எடுக்கும்போது நீங்கள் ஓட்டியவரின் முகத்தையும் வாகன இலக்கத்தையும் காப்புறுதி அட்டையையும் எடுங்கள். ஆள் மாறும் வித்தைக்கு அதுதான் மருந்து. நிறுத்தி உதவுவதும் பொலிஸுக்கு அறிவிப்பதும் ஓட்டியவரின் சட்டக் கடமை, தயவு அல்ல. வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், எழுதும் வரை ஒப்பமிடாதீர்கள், முறைப்பாட்டு இலக்கத்தை வாங்காமல் வெளியே வராதீர்கள். வைத்தியசாலையில் சட்ட வைத்திய அதிகாரி பார்த்ததை உறுதி செய்யுங்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கண்டியில் அலுவலகம் உண்டு, வருமானம் குறைந்தவருக்கு அங்கே சட்டத்தரணி கிடைப்பார். வழக்குப் போடும்போது காப்புறுதி நிறுவனத்துக்கும் முறைப்படி அறிவித்தல் போக வேண்டும், இல்லாவிட்டால் வென்ற பிறகும் "எங்களுக்குத் தெரியாதே" என்பார்கள். இடித்துவிட்டு ஓடிய வாகனம் என்றால் வீதிப் பாதுகாப்பு பற்றிய தேசிய சபையிடம் நட்டஈடு கேட்கலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியம், இரண்டு வருடம். 1871 ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டம் இப்படிப்பட்ட வழக்குக்குக் கொடுத்த ஆயுள் அவ்வளவுதான். பிராடோக்காரருக்கு இது மனப்பாடம். அதனால்தான் அவர் மறுப்பதே இல்லை. "தாறேன்" என்பார். "தீபாவளிக்குப் பிறகு பார்ப்போம்" என்பார். "பொங்கல் முடியட்டும்" என்பார். இரண்டு தீபாவளியும் இரண்டு பொங்கலும் மரியாதையாகப் பேசியே கழிப்பார். இரண்டு வருடம் முடிந்த மறுநாள் அவர் கைபேசி வேலை செய்யாது.

அதற்குள் நம் ஆள் பதினைந்தாயிரத்துக்குச் சம்மதித்துவிட்டால் ஒரு காகிதம் நீட்டுவார்கள். இனி எந்த நட்டஈடும் கோர மாட்டேன், எந்த நீதிமன்றத்துக்கும் போக மாட்டேன், என் சுயவிருப்பில் ஒப்பமிடுகிறேன் என்று அதில் இருக்கும். சிங்களத்தில் இருக்கும். தலைவர் சாட்சிக் கையெழுத்துப் போடுவார். ஐயாமாரே, நட்டஈட்டைக் கூட்ட வேண்டாம், பிராடோவை மெதுவாக ஓட்டவும் வேண்டாம், அந்தக் காகிதத்தையாவது தமிழில் எழுதுங்கள். விற்றது எந்தக் கால், இடதா வலதா என்று வாசித்துத் தெரிந்துகொள்ள மாட்டோமா?